தொல்காப்பியர் குறித்த பன்னிரு நாள்

பரத்தையிற் பிரிந்த தலைவனாயினும், தலைவி பூப்பெய்திய பன்னிரண்டு நாளும் அவளை நீங்கி உறைதல் அறமாகாது என்பது தொல்காப்பியக் கற்பியல் காட்டும் விதி. ஊடல் எத்துணைப் பெரிதாயினும் கருவுறுதற்குரிய காலம் வீணே கழியலாகாது என்பதே கருத்து.

அப்பன்னிரு நாளை எங்கிருந்து எண்ணுவது? பூப்பின் முதல் நாள் தொட்டு எண்ணின் பன்னிரண்டாம் நாளில் முடியும். விலக்குநாள் மூன்றும் கழித்து எண்ணின் பதினைந்தாம் நாள்வரை செல்லும். இவ்வேறுபாடு சிறிதன்று.

அடுத்த பூப்புக்கு 12 முதல் 16 நாள் முன்னர்ச் சினைமுட்டை வெளிப்படும் என ஜப்பானிய மருத்துவர் கியுசாகு ஒகினோ 1924இல் கண்டார். மகப்பேறு வேண்டுவோர்க்கென அவர் தந்த கணக்கை உலகம் கருத்தடைக்கே மிகுதியும் கொண்டது வேறு கதை! இருபத்தெட்டு நாட் சுற்றில் அது ஏறத்தாழப் பதினான்காம் நாள். முட்டை ஒரு நாளளவே நிற்கும். விந்தணு ஐந்து நாள்வரை உயிர்க்கும். எனவே 9 முதல் 14 வரையுள்ள ஆறு நாளே கருவுறுங் காலம். பிந்திய கணக்கில் இவை முழுதும் அடங்கும். முந்தியதில் இறுதி இரு நாள் நழுவும்.

கிரேக்க மருத்துவர் சொரானசோ பூப்பு ஓயும் தறுவாயே சிறந்ததென்றார். அவரினும் தமிழ் விதி உண்மைக்கு அணித்தாக நிற்கிறது. ஆயினும், சினைமுட்டையைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார் எனல் மிகை. முப்பத்தைந்து நாட் சுற்றுடையார்க்கு முட்டை வெளிப்படுவது இருபத்தொன்றாம் நாளை ஒட்டி; அவர்க்கு இப்பன்னிரு நாள், எவ்வாறு எண்ணினும், பயன்படாது.