மணலுக்கும் மூட்டுக்கும் நடுவே: தும்பாக் கடற்கரையின் எழுதப்படாத பக்கம்

தும்பாவின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் மூன்று காட்சிகள் தவறாமல் இடம்பெறுகின்றன: அலுவலகமாக மாறிய புனித மரிய மக்தலேனா தேவாலயம், சைக்கிளில் கொண்டுசெல்லப்பட்ட ராக்கெட் பாகம், 1963 நவம்பர் 21 அன்று விண்ணில் எழுந்த நைக்-அப்பாச்சி. இவற்றுடன் சேர்த்துப் பேசவேண்டிய நான்காவது பொருள் ஒன்றுண்டு. அது மிளகளவே உள்ள ஒரு கண்ணாடித் துளி. மின்சாரத்தால் பற்றவைக்கப்படும் தீமூட்டியின் எஃகுக் கூட்டுக்கும், அதனுள் செல்லும் மின்முனைக்கும் இடையே உருகி ஒட்டி நிற்பது. திருவனந்தபுரக் கடற்கரையின் கனிம வரலாறும் விண்வெளி வரலாறும் இரு வேறு துறைகளாக எழுதப்பட்டு வருகின்றன. அவ்விரண்டையும் ஒரே வரலாறாக வாசிக்க இந்தத் துளி உதவும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்வோம். கண்ணாடிக்கும் உலோகத்திற்கும் இயல்பில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள தண்டுகளை 100 டிகிரி செல்சியஸ் சூடேற்றினால் சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டரும், இரும்பு 1.2 மில்லிமீட்டரும், செம்பு 1.7 மில்லிமீட்டரும் நீளும். உருகிய நிலையில் இணைத்த இரண்டும் குளிரும்போது ஒன்று அதிகமாகச் சுருங்க, மற்றது குறைவாகச் சுருங்கும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே மயிரிழை அளவு விரிசல் விழுகிறது. அவ்விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காற்றுக்கும் ஈரத்திற்கும் அதுவே பெருவழி.

எடிசன் காலத்து மின்விளக்குகள் இதற்குக் கண்ட விடை பிளாட்டினம். அதன் வெப்ப விரிவு சாதாரணக் கண்ணாடியின் விரிவை ஏறக்குறைய அப்படியே ஒத்திருந்தது. எனவே குமிழுக்குள் மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பித்துண்டு பிளாட்டினத்தால் ஆனது. விளக்கு மலிவாக வேண்டுமெனில் அந்த விலையுயர்ந்த துண்டுக்கு மாற்று தேவைப்பட்டது. பாரிசை அடுத்த செவ்ரேயில், அனைத்துலக எடைகள் மற்றும் அளவைகள் பணியகத்தில் பணியாற்றிய சார்ல் எதுவார் கியோம், நிக்கல்-இரும்புக் கலவைகளை ஆராய்ந்து 1896இல் இன்வாரைக் கண்டறிந்தார். 1920இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். நிக்கலின் விழுக்காட்டை மாற்றினால் கலவையின் விரிவையும் வேண்டியபடி மாற்றலாம் என்பதே அவ்வாய்வின் பெரும் பயன். அதைப் பின்பற்றி 1910களில் நிக்கல்-இரும்பு உள்ளீட்டின்மேல் செம்புத்தோல் போர்த்திய டூமெட் கம்பி வந்தது. பிளாட்டினம் விளக்கிலிருந்து வெளியேறியது.

இந்தச் சிறு மாற்றம் திருவிதாங்கூர் மணலையும் தொட்டது. 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட்டு இருப்பதை அறிந்தார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலே துப்புக் கொடுத்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அதன்பின் தொழில் முளைத்த இடம் மணவாளக்குறிச்சி. அன்று திருவிதாங்கூர், 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். மோனசைட்டிலிருந்து கிடைக்கும் தோரியம் அன்று எரிவாயு விளக்கின் வலைத்திரிக்குத் தேவைப்பட்டது. ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் உருவாக்கிய அத்திரியில் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடு, 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடு. ஐரோப்பியத் தெருக்களை ஒளிரச் செய்த அந்தத் திரியின் போட்டியாளர் மின்விளக்கு. மின்விளக்கை மலிவாக்கிய காரணங்களுள் ஒன்று, டங்ஸ்டன் இழையோடும் மின்கட்டமைப்பின் பரவலோடும் சேர்த்து எண்ணத்தக்கது, இந்தக் கண்ணாடி-உலோக மூட்டு. எரிவாயு விளக்கு பின்வாங்கியதும் மோனசைட்டுச் சந்தை சுருங்கியது. மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளியவரின் கூலியும், எங்கோ ஒரு விளக்குத் தொழிற்சாலையில் கம்பியைக் கண்ணாடியில் பதித்தவரின் கைத்திறனும் ஒரே பொருளியல் வலையில் இருந்தன. இவர் அவரை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

மோனசைட்டுக்குப் பின் இல்மனைட்டு முன்னுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தைக்கு வந்த இல்மனைட்டில் பெரும்பங்கு திருவிதாங்கூருடையது. அதன் பயன் வெண்ணிற வண்ணப்பூச்சுக்கான டைட்டானியம் டை ஆக்சைடு. 1946இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் கொச்சுவேளியில் அந்த வெண்பொடியை உள்ளூரிலேயே ஆக்கும் முயற்சி. ஆயினும் அங்கு ஆக்கப்பட்டது ஆக்சைடு மட்டுமே. உலோக டைட்டானியம் இந்த மணலிலிருந்து இந்நாட்டில் எடுக்கப்படவில்லை.

அதே காலத்தில் மூட்டுக்கலை வேறு திசையில் வளர்ந்தது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஹோவார்ட் ஸ்காட் 1930களில் உருவாக்கிய கோவார், 29 விழுக்காடு நிக்கலும் 17 விழுக்காடு கோபால்ட்டும் கொண்ட இரும்புக்கலவை. போரோசிலிக்கேட் கண்ணாடியோடு சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்குவது. இங்கும் ஒட்டுவது வெறும் உலோகம் அன்று. உலோகத்தின் மேல் வளர்க்கப்படும் மெல்லிய ஆக்சைடுப் படலமே கண்ணாடியில் கரைந்து பிடித்துக்கொள்கிறது. படலம் மெலிந்தால் பிடிப்பில்லை; தடித்தால் உரிந்துவிடும். மிக வெப்பமான, உயர் அதிர்வெண் கொண்ட குழாய்களுக்குக் கண்ணாடி போதாதபோது அலுமினாப் பீங்கான் வந்தது. 1930களில் ஜெர்மனியில் தொடங்கிய முறையில், மாலிப்டினம், மாங்கனீசு பொடிகளைப் பீங்கானின்மேல் பூசி ஈர ஹைட்ரஜனில் சுட்டு, அந்தத் தோலின்மேல் நிக்கல் முலாமிட்டுப் பற்றாசு வைத்தனர். 1947இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பாண்ட்லி குறுக்குவழி ஒன்றை வெளியிட்டார்: டைட்டானியம் ஹைட்ரைடைப் பூசி, வெள்ளிப் பற்றாசோடு வெற்றிடத்தில் உருக்குவது. டைட்டானியம் ஆக்சிஜன்மேல் தீராப்பசி கொண்டது. அது பீங்கானின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, பற்றாசைப் பீங்கானின்மேல் படரச் செய்கிறது. கொச்சுவேளியின் வெண்பொடியும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்ட டைட்டானியமே. பூச்சுக்கு உதவும் அந்தப் பிடிப்பை அறுத்து உலோகத்தை விடுவித்தால்தான் மூட்டுக்கு உதவும்.

இனி தும்பாவிற்கு வருவோம். 1963இல் ஏவிய முதல் ராக்கெட் சுமந்தது சோடிய ஆவிக் கருவி. தெர்மைட்டின் வெப்பத்தால் சோடியத்தை ஆவியாக்கி, அந்தி வானில் ஒளிரும் முகிலாகப் பரப்பி, மேல்வளிமண்டலக் காற்றை அளப்பது அதன் நோக்கம். அத்தகைய கலவையை நிரப்பும் பணியில் நேர்ந்த விபத்தை ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் பதிவு செய்திருக்கிறார். உடன் பணியாற்றிய சுதாகரின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத்துளி சோடியத்தின்மேல் விழுந்தது, வெடித்துத் தீப்பற்றியது. சுதாகர் வெறுங்கையால் கண்ணாடிச் சன்னலை உடைத்துக் கலாமை வெளியே தள்ளிக் காப்பாற்றினார். தாம் தீக்காயங்களோடு பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார். இந்நிகழ்வு துணிவின் கதையாகவே நினைவுகூரப்படுகிறது. அது ஈரத்தின் கதையும்கூட. உப்புக்காற்றும் புழுக்கமும் ஆண்டு முழுதும் நிலவும் கரையில், ஈரம் எங்கே நிற்கவேண்டும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

தீமூட்டியின் கண்ணாடித் துளி அக்கேள்விக்கு விடை. எஃகு வளையத்தின் நடுவே மின்முனைகள், இடைவெளியில் கண்ணாடி. இங்கே விரிவுகள் ஒத்திருக்கவேண்டும் என்ற பழைய விதி வேண்டுமென்றே மீறப்படுகிறது. கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும் எஃகு, குளிரும்போது அதனைச் சுற்றிலுமிருந்து இறுக்குகிறது. அமுக்கத்தில்தான் கண்ணாடிக்கு வலிமை. ஆகவே இறுகிய கண்ணாடி இன்னும் உறுதியாகிறது. முனைகளை இணைக்கும் நுண்கம்பி சூடேறி மருந்தைப் பற்றவைக்கும் வரை இத்துளி மூன்று பணிகளைச் செய்கிறது: மின்சாரத்தைக் கூட்டில் கசியவிடாமல் காக்கிறது, ஈரத்தைத் தடுக்கிறது, பற்றியபின் எழும் அழுத்தம் பின்னோக்கிப் பீறிடாமல் தாங்குகிறது. எஞ்சினைப் பற்றவைப்பதும் அடுக்குகளைப் பிரிப்பதும் இத்தகைய சிறு கருவிகளின் வேலை. இந்திய ராக்கெட்டுகளுக்கு அவற்றை உருவாக்கும் பணி விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தினுடையது. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் காத்திருந்து, ஒரே ஒரு கணம், ஒரே ஒரு முறை தவறாமல் இயங்கவேண்டிய கருவிக்கு ஒத்திகை கிடையாது.

மூட்டின் தரத்தைக் கண்ணால் அறிய இயலாது. ஹீலியம் வாயுவை ஒருபுறம் செலுத்தி, மறுபுறம் எத்தனை அணுக்கள் வருகின்றன என நிறைமாலைமானியால் எண்ணுகிறார்கள். மின்னணுக் கூடுகளுக்கு நொடிக்கு ஒரு கன சென்டிமீட்டரின் பத்துக்கோடியில் ஒரு பங்கு என்ற அளவுவரை இச்சோதனை இறங்கும். அந்த வேகத்தில் ஒரு கன சென்டிமீட்டர் வாயு கசிய மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும்.

நாட்டின் பிற இடங்களிலும் இக்கலை வேரூன்றியது. 1953இல் அடிக்கல் நாட்டப்பட்ட பிலானி மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனமும், 1954இல் தொடங்கிய பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்சும் வெற்றிடக் குழாய்களின் வழியே இதைக் கற்றன. ரேடார் குழாயோ ராக்கெட் தீமூட்டியோ, வடிவமைப்பை வரைபடத்தில் பெறலாம். உலையில் எவ்வளவு நேரம், படலம் எந்தச் சாம்பல்நிறத்தில் இருக்கும்போது எடுப்பது என்ற அறிவு கையிலும் கண்ணிலும் தங்குவது.

மணலுக்குத் திரும்புவோம். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் நிதியோடும் ஐதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தோடும், கொல்லம் மாவட்டச் சவறாவில் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள டைட்டானியம் பஞ்சு ஆலை 2011இல் திறக்கப்பட்டது. அதுவரை இந்தியா கனிமத்தை விற்று உலோகத்தை வாங்கியது. ஷோம்பெர்க் கண்ட மணலிலிருந்து நூற்றிரண்டு ஆண்டுகள். வளத்திற்கும் திறனுக்கும் இடையிலான தொலைவை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது.

அறிவியல் வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கனிமச் சலுகை ஒப்பந்தங்களும் ராக்கெட் ஏவிய நாள்களும் ஆவணக்காப்பகங்களில் எளிதில் கிடைக்கும். உலைக்குறிப்பேடுகள், நிராகரிக்கப்பட்ட உறுப்புகளின் பதிவேடுகள், ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பணியாளர்களின் நினைவுகள் ஆகியவற்றைத் தேடித்தான் எடுக்கவேண்டும். பொருந்தாத இரண்டைப் பொருத்தக் கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று இந்நகரில் முதுமையடைந்து வருகிறது. அவர்களிடம் கேட்கவேண்டியவற்றை இப்போதே கேட்டுப் பதிவு செய்வோம்.