ஒன்பதாம் நாளுக்குப் பிறகு

சித்தம் கலங்கியவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் உலகம் நெடுங்காலம் தவித்திருக்கிறது. கட்டிப் போட்டார்கள், அடித்துப் பார்த்தார்கள், கண்காணாத இடத்தில் அடைத்தார்கள். பெல்ஜியத்தில் கேல் என்ற ஊர் வேறொரு வழி கண்டது. அது பக்தியில் பிறந்த வழி. ஆனால் பக்தர்கள் எதிர்பார்த்த விதத்தில் பிறக்கவில்லை என்பதுதான் விசேஷம்.

கேலின் புனிதவதி டிம்ப்னா. ஊரார் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை 13-ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் எழுதி வைத்தார். ஆகவே இதைச் சரித்திரம் என்பதைவிட ஐதீகம் என்பதே பொருந்தும். அயர்லாந்து ராஜா ஒருவன் மனைவியை இழந்த துக்கத்தில் புத்தி பேதலித்து, அவள் ஜாடையிலிருந்த சொந்த மகளையே மணக்கத் துணிந்தான். மகள் தன் குருவானவரோடு கடல் கடந்து கேலுக்கு ஓடி வந்தாள். தகப்பன் தேடி வந்து இருவரையும் கொன்றான். புத்தி பேதலித்தவனால் மாண்ட பெண், அப்படிப்பட்டவர்களுக்கே பாதுகாவலி ஆனாள்!

14-ஆம் நூற்றாண்டில் அவளுக்குக் கோவில் எழுந்தது. கோவிலை ஒட்டி நோயாளிகளுக்கென்று ஓர் அறையும் வந்தது. ஒன்பது நாள் ஜபம், புனிதவதியின் எலும்புகள் இருந்த பேழையின் கீழே தவழ்ந்து போவது, இவைதான் அங்கே வைத்தியம்.

வந்த கூட்டத்துக்கு அந்த அறை போதவில்லை. முறைக்குக் காத்திருந்தவர்களை ஊரார் தங்கள் வீடுகளில் தங்க வைத்தார்கள். சரி, ஒன்பது நாள் முடிந்தும் தெளியாதவர்கள்? 'உன் விசுவாசம் போதவில்லை' என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். மதத்தின் பெயரால் அப்படிச் சொன்னவர்கள் எங்கும் உண்டு. கேலில் பலர் அந்த வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். வயலில் உழைத்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள், வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 'நோயாளி' என்று அவர்களைச் சொல்வதில்லை; வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவர் என்று பொருள்படும் சொல்லே வழங்கிற்று.

எல்லாம் தயை என்று சொல்லிவிட முடியாது. பராமரிப்புக்குப் பணம் வந்தது. வயலுக்கு ஆள் கிடைத்தது. முரண்டு செய்தவர்களுக்கு விலங்கு பூட்டியதும் உண்டு. ஆனாலும் 1821-இல் பார்க்க வந்த பிரெஞ்சு வைத்தியர் எஸ்கிரோல், சித்தம் கலங்கியவர்கள் ஊருக்குள் தாராளமாக நடமாடக் கண்டார். 1850-இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. வைத்தியர்களின் மேற்பார்வை வந்தது. 1880-இல் ஓவியர் வான்கோவின் தகப்பனார், தாமே ஒரு பாதிரியாராக இருந்தவர், மகனைக் கேலுக்கு அனுப்ப நினைத்தார், அது நடக்கவில்லை. 1938-இல் அந்த வீடுகளில் 3,700 பேருக்கு மேல் இருந்தார்கள். பிறகு புது மருந்துகள் வந்தன, குடும்பங்களின் வாழ்க்கை மாறிற்று, எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வழக்கம் மட்டும் அற்றுப்போகவில்லை. 2023-இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியத்தைக் காக்கும் நன்முறைகளின் பட்டியலில் சேர்த்தது.

ஜபத்தால் மனநோய் தீருமா என்று கேட்டால் நான் வைத்தியரைத்தான் காட்டுவேன். ஆனால் தீராத நோயோடு வந்தவனுக்கும் பத்தாம் நாள் காலையில் ஒரு வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வைத்தார்களே, அந்த மனசை அவர்களுக்குக் கொடுத்ததில் கோவிலுக்கும் பங்கு உண்டு. அற்புதம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.