பதினேழாவது துண்டு



1993ஆம் ஆண்டு சிட்னியில் நான் வானொலியில் வாசித்த ஒரு மரண அறிவித்தலில், இறுதிக்கிரியை நடைபெறும் நேரமும் இடமும் இருக்கவில்லை. நிகழ்ச்சி முடிய முன்னரே நிலையத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. அப்போது நான் வர்த்தகப் பட்டப்படிப்பு மாணவன். தவறு எங்கே நடந்தது என்று தேடிப் போனபோதுதான் ஒரு பழைய கணினிக் கதை எனக்குத் தெரிய வந்தது.

இணையம் நம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பு 'புலட்டின் போர்ட்' என்று ஒன்று இருந்தது. ஒரு வீட்டுக் கணினி, ஒரு மொடெம், ஒரு தொலைபேசி இணைப்பு, அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவில் உள்ளூர் அழைப்புக்கு எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே கட்டணம் என்பதால் நகருக்கு நகர் இவை பெருகின. வெளியூர் அழைப்புக்கோ நிமிடக் கணக்கு. சிட்னியில் நண்பர் ஒருவர் வீட்டில் இருந்த பலகைக்கு, மெல்பேர்ண் அன்பர் ஒருவர் செய்திகளையும் அறிவித்தல்களையும் ஆங்கில எழுத்தில் தமிழாக அனுப்புவார். கோப்பு மாற்றும் முறையை அதில் அமைத்தவன் நான்தான்.

முதலாவது பலகை 1978 பெப்ரவரி 16இல் சிக்காகோவில் தொடங்கியது. வோர்ட் கிறிஸ்டென்சன், ரான்டி சூஸ் என்ற இருவர், அந்த ஜனவரியின் பெரும் பனிப்புயலில் முடங்கியிருந்த நாட்களில் அதைத் திட்டமிட்டார்கள். கோப்புகளைத் தொலைபேசி வழியே அனுப்ப ஒரு முறையை கிறிஸ்டென்சன் 1977இலேயே எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தார். அதுவே 'எக்ஸ்மொடெம்' ஆயிற்று.

அதன் வேலை கணக்காளருக்கு உடனே பிடிபடும். கோப்பை 128 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இட்டு, கடைசியில் கூட்டுத்தொகையைச் சேர்த்து அனுப்புவார்கள். பெறுபவர் தாமும் கூட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒத்தால் 'சரி', ஒவ்வாவிட்டால் 'திரும்ப அனுப்பு'. நம் பரீட்சை மீதி போலத்தான். அதே குறையும் உண்டு: ஓரிடத்தில் ஒன்று கூடி, இன்னோரிடத்தில் ஒன்று குறைந்தால் கூட்டுத்தொகை மாறாது. ஈடுசெய்யும் வழு! இதைப் பிடிக்கப் பின்னர் வலுவான சோதனை முறை சேர்க்கப்பட்டது.

எங்கள் வழு வேறு. சிறிய கடிதங்கள் நலமே வந்தன. பெரியவை 2048 பைட்டில் நின்றன. கணக்குப் போட்டேன்: சரியாக 16 துண்டுகள். பதினேழாவது ஏன் வரவில்லை? கணினிகள் 17 என்ற குறியை 'தொடர்' என்றும், 19 என்ற குறியை 'நிறுத்து' என்றும் படிக்கும் ஓர் அமைப்பு உண்டு. அதை நிறுத்த மறந்திருந்தேன். துண்டின் இலக்கமான 17ஐக் கணினி கட்டளை என்று விழுங்கிவிட்டது. பலமுறை முயன்று இணைப்பு கைவிடப்பட, வந்தவரை சேமிக்கப்பட்டது. நண்பர் அதை அச்சிட்டுத் தந்தார். வாக்கியம் முற்றுப்புள்ளியில் முடிந்திருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, சக் ஃபோர்ஸ்பெர்க் 1986இல் உருவாக்கிய 'ஸீமொடெம்' முறையைப் பொருத்தினேன். அது அக்குறிகளை மாற்றி மறைத்து அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் பதிலுக்குக் காத்திராது. இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரும். மெல்பேர்ண் அன்பரின் தொலைபேசிக் கட்டணமும் குறைந்தது.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இதனால் என்ன பயன்? மறுநாள் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். "தம்பி, வர வேண்டியவை கனபேர் வரேல்லை" என்று மட்டும் அந்த அம்மா சொன்னார்.

கிறிஸ்டென்சன் 2024 ஒக்டோபரில் காலமானார். அவர் எழுதியதன் சாரம் ஒன்றுதான்: அனுப்பிவிட்டோம் என்பதால் சேர்ந்துவிட்டது என்று ஆகாது. ஆகவேதான் இன்றும் எந்த அறிவித்தலையும் வாசிக்குமுன், குடும்பத்தாரை அழைத்து நேரத்தையும் இடத்தையும் திரும்பச் சொல்லிக் காட்டுகிறேன். அவர்கள் 'சரி' என்ற பிறகே ஒலிவாங்கியைத் திறப்பேன்.