கம்பியில் மிச்சமிருந்த இடம்

குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் இறங்கி ஊரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையைத்தான் சொல்வார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். சந்தையில் ஒரே பேரத்துக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வந்துபோகும்.

2007-இல் எங்கள் வீட்டுக்கு ப்ராட்பேண்ட் வந்தது. உண்மையில் அது வந்தது பெரியப்பாவின் லேத் பட்டறைக்காக. ஓசூர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். டிராயிங்குகள் மெயிலில் வர ஆரம்பித்திருந்தன. ஒவ்வொரு முறையும் கிருஷ்ணகிரி பிரவுசிங் சென்டருக்கு ஓட முடியாது.

லைன்மேன் அண்ணா புதிதாக எந்த வயரும் இழுக்கவில்லை. இருந்த போன் வயரிலேயே தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்ப்ளிட்டரை மாட்டினார். ஒரு முனை போனுக்கு, இன்னொன்று மோடத்துக்கு. "பழைய கம்பிதாண்ணா, இதுல எப்படி நெட்டு வரும்?" என்று கேட்டேன். "நீ பேசறதுக்குக் கொஞ்சம் எடம் போதும் தம்பி. மீதி எடம் சும்மாதானே கெடக்குது" என்றார். டி.எஸ்.எல். தொழில்நுட்பத்தைப் பற்றிப் பிறகு எவ்வளவோ படித்தேன். இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்கவில்லை.

தொலைபேசியில் நம் குரலுக்கு ஒதுக்கியது சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் வரைதான். செம்புக் கம்பியோ அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்களையும் கடத்தும். நூறாண்டுக்கும் மேலாக அந்த இடம் காலியாகக் கிடந்தது. ஏ.டி.எஸ்.எல். சுமார் 25 முதல் 1,100 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத் தரவுக்கு எடுத்துக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சியோஃபி வளர்த்தெடுத்த முறையில் இந்த அகலம் சின்னச் சின்ன அலைவரிசைகளாகப் பிரிக்கப்படும். எது இரைச்சலாக இருக்கிறதோ அதில் குறைவாகவும், எது சுத்தமாக இருக்கிறதோ அதில் நிறையவும் மோடம் அனுப்பும்.

ஆனால் உயர்ந்த அதிர்வெண் தூரம் தாங்காது. நாலைந்து கிலோமீட்டர் கம்பியைத் தாண்டினால் சிக்னல் தேய்ந்துவிடும். அதனால் இணைய வரலாற்றில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தொலைபேசி நிலையம் எங்கே இருந்தது என்பதே பெருமளவு தீர்மானித்தது. நம் கிராமங்களுக்கு அந்த நிலையங்கள் வந்ததே தாமதம். 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், ஏ.சி. அறை இல்லாமலே ஓடும் 128 இணைப்புகள் கொண்ட சிறிய எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவப்பட்டது அதுதான். பேசுவதற்காக அப்போது கிராமங்களுக்கு நீண்ட கம்பிகள் மேல்தான், இருபது வருடம் கழித்து, இணையம் ஏறியது.

இன்னொரு தீர்மானமும் இருந்தது. அது எங்கள் வீட்டில் தினமும் தெரிந்தது. ஏ.டி.எஸ்.எல்.-இல் உள்ள 'ஏ'வுக்குச் சமச்சீரற்றது என்று பொருள். ஒரே கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகள் ஒட்டிக் கிடக்கும். ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கசியும். இரு திசையிலும் சமமாக அனுப்பினால் இந்தக் கசிவு வேகத்தைத் தின்றுவிடும். ஒரு திசைக்கு அதிக இடம் கொடுத்தால் மொத்தத்தில் கூடுதலாகக் கடத்தலாம் என்று 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் கண்டார். தொலைபேசி நிறுவனங்கள் அப்போது கம்பி வழியே வீட்டுக்கு சினிமா காட்டக் கனவு கண்டுகொண்டிருந்தன. ஆகவே வீடு என்றால் வாங்கிக்கொள்ளும் இடம் என்று ஆயிற்று. வருவதற்கு வாசல், போவதற்கு ஜன்னல்.

இந்தியாவிலும் அதே பார்வைதான். 2004 அக்டோபரில் வந்த ப்ராட்பேண்ட் கொள்கை, பதிவிறக்க வேகம் குறைந்தது 256 கே.பி.பி.எஸ். இருக்க வேண்டும் என்றது. பதிவேற்றம் பற்றி அந்த வரையறையில் பேச்சே இல்லை. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரில் சேவையைத் தொடங்கியது. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து படம் டவுன்லோடு போட்ட தலைமுறை எங்களுடையது.

பெரியப்பாவுக்கு டிராயிங் சட்டென்று வந்துவிடும். முடித்த பாகத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அங்கேதான் சிக்கல். 2 எம்.பி. போட்டோ பத்து போக இருபது நிமிஷம். நடுவில் மோடத்தில் லைட் அணைந்தால் மறுபடி முதலிலிருந்து. பெரிய கம்பெனிகள் இருபுறமும் சம வேகமுள்ள லீஸ்டு லைன் வைத்திருந்தன. லேத் பட்டறைக்கு அந்த வாடகை கட்டாது. சில நாள் பெரியப்பா பொறுமையிழந்து, பாகத்தையே மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஓசூர் பஸ் ஏறிவிடுவார். "நம்ம சரக்கக் காட்டறதுக்கு மட்டும் எடமில்ல பாரு" என்பார்.

எனக்கு அந்த ஜன்னல் போதுமாக இருந்தது. நான் எழுத ஆரம்பித்திருந்தேன். ஆயிரம் தமிழ்ச் சொற்கள் கொண்ட பதிவு சில பத்து கே.பி.தான். போட்டோ திணறிய வழியில் எழுத்து நொடிகளில் போய்விட்டது. 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி மூலம் முன்பின் தெரியாதவர்கள் அதைப் படித்தார்கள். அந்த ஆண்டுகளில் தமிழ் இணையம் எழுத்தால் நிரம்பியிருந்ததற்கு நம் இலக்கிய ஆர்வம் மட்டும் காரணம் என்று நான் இப்போது நம்புவதில்லை. குறுகிய அந்த வழியில் நெளியாமல் போகக்கூடியது எழுத்து ஒன்றுதான்.

மழைக்காலத்தில் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கும். சாலையோரம் பொக்லைன் தோண்டினால் கேபிள் அறுபடும். லைன்மேன் அண்ணா பள்ளத்துக்குள் உட்கார்ந்து, நிறம் பார்த்து ஜோடி ஜோடியாகச் சேர்ப்பார். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.-இல் சுமார் 78 ஆயிரம் பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அவரும் அந்தச் சமயத்தில்தான் வேலையை விட்டார்.

2023 ஜனவரியில் ப்ராட்பேண்ட் வரையறை 2 எம்.பி.பி.எஸ். ஆக உயர்ந்தது. அதுவும் பதிவிறக்க வேகம்தான்.

போன வருடம் சந்தையில் அண்ணாவைப் பார்த்தேன். இரண்டு குட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "லைன் எப்படிப்பா இருக்குது?" என்றார், பழக்கதோஷம். "ஃபைபர் வந்துடுச்சுண்ணா. போறதும் வர்றதும் ஒரே ஸ்பீடு."

"அப்ப பெரியப்பா போட்டோ டக்குனு போயிருமே!"

"பட்டறைய மூடி ஆறு வருஷம் ஆச்சுண்ணா."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குட்டியின் கயிற்றைக் கை மாற்றிக்கொண்டு கேட்டார்: "நீ இன்னும் எழுதறியா?"