வீட்டுக் காப்பீடு: கணக்கிட வேண்டியது சந்தை விலையை அல்ல, கட்டுமானச் செலவை

வீட்டுக் கடன் பெறுவோர் வங்கியில் கையெழுத்திடும் தாள்களுக்கிடையே காப்பீட்டுப் படிவம் ஒன்றும் இருப்பது வழக்கம். அதற்கான பிரீமியம் பெரும்பாலும் கடன் தொகையுடனேயே சேர்க்கப்பட்டுவிடுகிறது. இதனால் வீடு காப்பீடு செய்யப்பட்டுவிட்டது என்றே பலரும் நம்பியிருக்கின்றனர். ஆனால் பல நேரங்களில் அந்தப் படிவம் வீட்டுக்கானது அல்ல. கடன் பெற்றவரின் உயிருக்கானது. அவர் இறக்க நேர்ந்தால் நிலுவைக் கடன் அடைக்கப்படும். வெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ சுவர் இடிந்தால் அந்தப் பாலிசியின் கீழ் ஒரு ரூபாயும் கிடைக்காது.

இந்த வேறுபாடு பேரிடரின்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது. 2001-இல் குஜராத்தின் கட்ச் பகுதியைக் குலைத்த நிலநடுக்கம், 2015-ஆம் ஆண்டின் சென்னை வெள்ளம், 2018-இல் கேரளத்தைச் சூழ்ந்த பெருவெள்ளம், 2024 ஜூலையில் வயநாட்டில் நிகழ்ந்த நிலச்சரிவு என ஒவ்வொன்றும் பல குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பைச் சில மணி நேரத்தில் அழித்தன. வீடு இடிந்ததால் மாதத் தவணை தானாக நின்றுவிடுவதில்லை. அரசு நிவாரணமும் கடன் சலுகையும் அப்போதைய முடிவுகளைப் பொறுத்தவை. காப்பீடு மட்டுமே முன்கூட்டி எழுதப்பட்ட உரிமை.

பொது வடிவிலான பாலிசி

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் உத்தரவுப்படி, 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொது வடிவிலான வீட்டுக் காப்பீடு விற்கப்பட்டு வருகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் பிரீமியம் மாறலாம். அடிப்படை விதிமுறைகள் ஒன்றே. தீ, இடி, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதச் செயல், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்துக் கசிதல் ஆகியவற்றால் நேரும் சேதத்துக்கு இதில் இழப்பீடு உண்டு. 10 ஆண்டுகள் வரை ஒரே பாலிசியாக எடுக்கலாம். வீடு குடியிருக்கத் தகுதியற்றுப்போனால், பழுதுபார்க்கும் காலத்தில் வேறிடத்தில் தங்குவதற்கான வாடகையும் இதில் அடங்கும்.

திருட்டு விஷயத்தில் கவனம் தேவை. மேற்கண்ட பேரிடர் ஏதேனும் நிகழ்ந்து 7 நாள்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே இதில் சேரும். வழக்கமான களவுக்குத் தனிப் பாலிசி வேண்டும். நகை, ஓவியம் போன்ற விலையுயர்ந்த பொருள்களுக்கும் அவற்றின் மதிப்பைக் குறிப்பிட்டுக் கூடுதல் பாதுகாப்பைத் தனியே பெற வேண்டும்.

எவ்வளவுக்குக் காப்பீடு?

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுவே. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு 90 லட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலையில் நிலத்தின் பங்கு, இடத்தின் மவுசு, கட்டுநரின் லாபம் ஆகிய எல்லாம் கலந்திருக்கின்றன. வெள்ளம் வடிந்த பிறகும் நிலம் அங்கேயே இருக்கும்; ஆகவே நிலத்துக்குக் காப்பீடு இல்லை. கணக்கிட வேண்டியது, அதே வீட்டை இன்று மீண்டும் கட்ட ஆகும் செலவை மட்டுமே. வீட்டின் கார்ப்பெட் பரப்பு 1,000 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் எனில், காப்பீட்டுத் தொகை 25 லட்சம் ரூபாய். சந்தை விலைக்கே காப்பீடு எடுத்தவருக்குக் கூடுதல் இழப்பீடு வரப்போவதில்லை. கூடுதல் பிரீமியம் மட்டுமே கழியும்.

இதற்கு நேர்மாறான பிழை, கடன் தொகை அளவுக்கு மட்டும் காப்பீடு எடுப்பது. கடன் குறைவாக இருந்தால் காப்பீடும் குறைந்துவிடும். வீட்டின் தேவைக்கும் கடனின் அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பழைய தீக் காப்பீட்டு முறையில், பாதி மதிப்புக்குக் காப்பீடு எடுத்தவருக்குச் சேதத்தில் பாதிதான் கிடைத்துவந்தது. பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த விகிதக் கழிவு கிடையாது. எனினும் பாலிசியில் எழுதிய தொகையே உச்சவரம்பு என்பதால் பரப்பளவைச் சரியாகத் தெரிவிப்பது அவசியம். சிமெண்ட், கம்பி விலை உயர்வை ஈடுகட்ட, நீண்டகாலப் பாலிசிகளில் காப்பீட்டுத் தொகை ஆண்டுதோறும் 10 சதவீதம் கூடுதல் பிரீமியமின்றி உயரும். கட்டடத்துடன் வீட்டுப் பொருள்களுக்கும் காப்பீடு எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அது 5 லட்சம் ரூபாய். அதற்கு மேல் வேண்டுமானால் பொருள்களின் விவரத்தை அளிக்க வேண்டும்.

புது வீட்டு விரிசல் யார் பொறுப்பு?

புதிய கட்டடம் இறங்கி அமர்வதால் விழும் விரிசலுக்குக் காப்பீடு பொறுப்பேற்காது. ஆனால் வாங்கியவர் கைவிடப்பட்டவர் அல்லர். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறைபாட்டைக் கட்டுநர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். ஒப்படைப்பு நாளைக் காட்டும் கடிதத்தைப் பத்திரப்படுத்துவது இதற்காகவே.

அதே சட்டம் வாங்கும் கட்டத்திலும் துணை நிற்கிறது. விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவுசெய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக் கட்டுநருக்கு அனுமதி இல்லை. விலைக்கு அடிப்படையாக எழுதப்பட வேண்டியது கார்ப்பெட் பரப்பே. விளம்பரத்தில் வரும் சூப்பர் பில்ட்-அப் அளவு அல்ல. காப்பீட்டுக் கணக்குக்கும் அதுவே தேவைப்படும்.

பழைய வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்றிதழையும் தாய்ப் பத்திரத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். முந்தைய மழைக்காலங்களில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் அதே அளவு முக்கியம். அது எந்தச் சான்றிதழிலும் இருக்காது. முந்தைய உரிமையாளர் எடுத்த பாலிசி, வீடு கைமாறும்போது தானாக வாங்கியவர் பெயருக்கு மாறாது. ஆகவே பத்திரப்பதிவு நாளிலேயே புதிய பாலிசி தொடங்குவது பாதுகாப்பானது. அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கம் பொதுப் பகுதிகளுக்கு ஏற்கெனவே காப்பீடு எடுத்துள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

சேதம் நேர்ந்தால்

சேதத்தை உடனடியாக நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும், சர்வேயர் வருவதற்கு முன் இடிபாடுகளை அகற்றாதிருப்பதும் முதன்மையானவை. உயிருக்கு ஆபத்து இருந்து அகற்றியே ஆக வேண்டுமெனில், படமும் காணொளியும் எடுத்துக்கொள்ள வேண்டும். இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் அந்த அமைப்பில் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

கடன் நிலுவையில் உள்ளவரை இழப்பீட்டில் வங்கிக்கே முதல் உரிமை என்று பாலிசியில் குறிக்கப்படுவது வழக்கம். கடனை முழுமையாக அடைத்த பின், ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 நாள்களுக்குள் அசல் ஆவணங்கள் திருப்பித் தரப்பட வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை உண்டு. ஆவணங்களைப் பெறும் அதே வாரத்தில் பாலிசியிலிருந்து வங்கியின் பெயரை நீக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடன் முடிந்ததற்கான கடிதத்தின் நகலை அத்துடன் இணைக்க வேண்டும்.