கடிப்பிசகும் தாடை மூட்டுக் கோளாறும்

காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்தால் அசைவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. உள்ளிருக்கும் மெல்லிய தட்டு இடம் பிசகினால், கொட்டாவி விடும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்கும். மேல், கீழ்ப் பற்கள் சரியாகப் பொருந்தாததே இம்மூட்டு வலிக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கடைவாய்ப் பற்களை இழந்தவர்களின் காதுவலி, தலைச்சுற்றலை 1934இல் அப்படி விளக்கியவர், அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன். கோளாறுக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, விளக்கம்தான் நிற்கவில்லை. தெற்றுப்பல்லோடு வலியே அறியாதவர்கள் ஏராளம். முத்துப்பல் வரிசைக்காரர்களும் தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பற்களை நறநறவெனக் கடிப்பது, மன அழுத்தம், அடிபடுதல் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. சில நேரம் கதை தலைகீழ்: மூட்டுவாதத்தால் மூட்டு தேய்ந்து, அதனால் கடி மாறிவிடும். கடியைச் சரிசெய்யவென்று ராவிய பல் திரும்ப வளராது என்பதால், மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி ஆகியவற்றிலிருந்தே சிகிச்சை தொடங்குகிறது.