நடுநிலை எனும் திரை

ஒடுக்குவோர்க்கும் ஒடுக்கப்படுவோர்க்கும் நடுவே வாளாவிருந்து, அதனை நடுநிலை என்றழைத்து நாம் ஆறுதல் கொள்கிறோம். 1511-ஆம் ஆண்டின் திருவருகைக் காலம் அந்த ஆறுதலைக் கலைக்கிறது.

கரீபியக் கடலின் இஸ்பானியோலாத் தீவில், தயீனோ பழங்குடியினரைச் சுரங்கங்களில் வதைத்துப் பொன் சேர்த்தனர் ஸ்பானியக் குடியேறிகள். அவர்களும் திருப்பலிக்கு வருவோரே! 1510-இல் அங்கு வந்த தொமினிக்கன் துறவியர் மௌனம் காத்திருந்தால், எவரும் குறைகூறியிருக்கமாட்டார். அவர்களோ கூடி ஆய்ந்து, மறையுரை ஒன்றை எழுதி, அனைவரும் கையொப்பமிட்டனர். அதனை முழங்கியவர் அந்தோனியோ தெ மோந்தேசினோஸ் அடிகளார். இம்மக்களும் மனிதரே, அவர்களை வதைப்பது சாவான பாவம் என்பதே அதன் சாரம். ஆளுநர் தியேகோ கொலம்பஸ் முதலானோர் வெகுண்டு, மறுப்புரை கோரினர். அடுத்த ஞாயிறன்று அடிகளார் முன்னிலும் உறுதியாகப் பேசினார். வதைப்போரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேளோம் என்றார்.

1512-இன் பூர்கோஸ் சட்டங்கள் கொடுமையை ஒழிக்கவில்லை. எனினும், பழங்குடியினரின் கட்டாய உழைப்பில் தாமும் வாழ்ந்த குரு பார்த்தொலோமே தெ லாஸ் காசாஸ், 1514-இல் அவ்வுரிமையைத் துறந்து, இறுதிவரை அவர்களுக்காக வாதாடினார்.

மௌனம் இரு தரப்புக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. அது வலியவர்க்கே துணைபோகிறது. நமது மௌனம் யாருக்குத் துணைபோகிறது என்று நம்மையே கேட்போமாக.